அரசியல் கலக்காத கூட்டத்துக்கு 200 பேர் தேவை

ஓர் அமைச்சர் மாவட்டத்துக்கு வருகிறார் என்றால் நிர்வாகத்துக்கு மூன்று கவலை: பந்தல், கரண்ட், ஆள். பந்தலுக்குக் கான்ட்ராக்டர் இருக்கிறார். கரண்ட்டுக்கு ஜெனரேட்டர் இருக்கிறது. ஆளுக்குக் கல்லூரி இருக்கிறது.

கட்சிக் கூட்டமாக இருந்தால் தலைக்கு இவ்வளவு என்று பேசி முடிக்க வேண்டும். வேன், பிரியாணி, அதற்கு மேலும் சில செலவுகள். நாட்டு நலப்பணித் திட்டத்துப் பிள்ளைகளிடம் அந்தத் தொல்லை கிடையாது. பிரின்சிபால் அறையிலிருந்து பி.ஓ. சாருக்கு, அதாவது திட்ட அலுவலருக்கு, ஒரு வாட்ஸ்அப் போதும். "நாளை காலை 7.30. வாலண்டியர்ஸ் 200. டி-ஷர்ட், தொப்பி கட்டாயம். ஓ.டி. (வருகைப் பதிவு) உண்டு. வராதவர்கள் பெயர்ப் பட்டியல் மாலைக்குள் வேண்டும்." இவ்வளவுதான். கூட்டத்துக்கு ஆள் பிடிப்பதில் கழகங்கள் அறுபது ஆண்டுகளாகக் கற்ற கலையை ஒரு குறுஞ்செய்தியில் சுருக்கிவிட்டது நம் உயர்கல்வி.

ஏழரைக்கு வந்த மாணவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்கிறார்கள். ஒன்பதுக்கு உளவுத்துறைக்காரர் ஒருவர் வந்து முதல் நான்கு வரிசையை எழுப்பிப் பின்னால் அனுப்புகிறார். பத்து மணிக்குக் கைதட்டல் ஒத்திகை. வெயில் ஏற ஏறப் பந்தலின் தகரம் காய்கிறது. மாணவிகள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. மைதானத்தில் கழிப்பறை எங்கே என்பது அவர்களுக்குப் போன விழாவிலேயே தெரிந்துவிட்டது. ஒன்று இருக்கிறது, மேடைக்குப் பின்னால், மாண்புமிகு அவர்களின் உபயோகத்துக்கு. பதினொன்றே முக்காலுக்கு மாண்புமிகு வந்து பெண்கள் முன்னேற்றம் பற்றி முப்பத்தைந்து நிமிடம் பேசுகிறார். பிறகு எலுமிச்சைச் சாதப் பொட்டலம், ஓர் ஊறுகாய்ப் பாக்கெட். பி.ஓ. சார் நாற்காலி மேல் ஏறி, ஃபிளெக்ஸ் பேனர் தெரிகிற மாதிரி ஜியோ டேக் போட்டோ எடுக்கிறார். அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் எல்லாம் அதில் பதிவாக வேண்டும். கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வரும்போது விரிவாக்கப் பணிகளுக்கு மதிப்பெண் உண்டு. எத்தனை மாணவர்கள் கலந்துகொண்டார்கள், ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். ஆதாரம் இதோ: வெயிலில் வாடிய 200 முகங்கள்.

ஒரு வாலண்டியர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சமூகப் பணி செய்தால்தான் சான்றிதழ். அமைச்சருக்காகக் காத்திருந்த நாலே கால் மணி நேரமும் அந்தக் கணக்கில் ஏறுகிறது. காத்திருப்பதும் ஒரு சேவைதான், மறுப்பதற்கில்லை. யாருக்குச் செய்த சேவை என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அது அரசியல்.

இதுவரை சொன்ன எதுவும் அரசியல் இல்லை என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மேடையில் இருந்தவர் ஒரு கட்சியின் மாவட்டச் செயலாளர், அவர் பேச்சில் பாதி எதிர்க்கட்சிக்கு வசவு, வழியெங்கும் தோரணம் கட்சிக் கொடியின் நிறத்தில். ஆனாலும் அது அரசு விழா. அரசியல் என்பது வேறு. அதே வாலண்டியர் அடுத்த வாரம் விடுதியில் தண்ணீர் வரவில்லை என்று ஓர் அட்டையில் எழுதிக் கல்லூரி வாசலில் பிடித்து நின்றால், அது அரசியல். தேர்வுக் கட்டணத்தைக் குறையுங்கள் என்று நாலு பேர் சேர்ந்து சொன்னால், அப்பட்டமான அரசியல். அன்று மாலையே அப்பாவுக்குப் போன் போகும். "உங்க பையன் தேவையில்லாத சகவாசத்துல இருக்கான்." மறுநாள் அப்பா வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்து, பிரின்சிபால் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவார். மாணவர்களுக்கு அரசியல் ஆகாது என்பதைக் கல்லூரி இவ்வளவு அக்கறையாகக் கற்றுக்கொடுக்கிறது.

டெல்லியில் இந்த அக்கறை இன்னும் அதிகம். 2018 செப்டம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் எழுதியது: செப்டம்பர் 29ஆம் தேதியை சர்ஜிக்கல் ஸ்டிரைக் தினமாகக் கொண்டாடுங்கள், என்.சி.சி. மாணவர்கள் சிறப்பு அணிவகுப்பு நடத்தட்டும். மக்களவைத் தேர்தலுக்கு ஏழெட்டு மாதம் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும், கட்டாயமில்லை என்று அமைச்சகம் சொல்லிக்கொண்டது. 2023 டிசம்பரில் இன்னொரு கடிதம்: வளாகங்களில் செல்ஃபி பாயின்ட் வையுங்கள். அனுப்பிய மாதிரி வடிவங்களில் பிரதமரின் படம் பளிச்சென்று இருந்தது. அடுத்த மக்களவைத் தேர்தலுக்கு ஐந்தாறு மாதம் இருந்தது. தேதிகள் ஏதோ தற்செயலாக அமைந்துவிட்டன. மானியக் குழுவுக்கும் காலண்டருக்கும் பழக்கமில்லை என்று நம்புவோமாக.

இங்கே நாம் சளைத்தவர்களா? 2025 ஜனவரி 5ஆம் தேதி சென்னை எழும்பூரில் சிந்துவெளி நாகரிகக் கண்டுபிடிப்பின் நூற்றாண்டு விழா. முதலமைச்சர் கலந்துகொண்ட நிகழ்ச்சி. வந்த மாணவிகளிடம் கறுப்புத் துப்பட்டாவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். நம் ஊரில் கறுப்பு என்றால் என்ன, அதை யார் உடுத்தினார்கள், அந்தச் சட்டையின் வாரிசு நாங்கள்தான் என்று மேடைக்கு மேடை சொல்வது யார் என்பதை நான் விளக்கப் போவதில்லை. கூடுதல் எச்சரிக்கையால் நேர்ந்தது, இனி நடக்காது என்று காவல்துறை சொன்னது. ஐயாயிரம் ஆண்டுப் பழைமையைக் கொண்டாடப் போன இடத்தில் துப்பட்டாவைக் கழற்றச் சொன்ன ஓர் அரசாங்கத்துக்கு மாணவர்களைப் பார்த்துப் பயமில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பயம் இருக்கிறது. அதனால்தான் கூட்டத்துக்கு அழைக்கும்போதே நிறத்தைப் பார்த்து அழைக்கிறார்கள்.

நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது 1969 செப்டம்பர் 24. அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ், 37 பல்கலைக்கழகங்களில், சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கி வைத்தார். ஏன் 1969? அது காந்தி நூற்றாண்டு. இந்த வேடிக்கையைக் கொஞ்சம் நின்று ரசிக்க வேண்டும். 1920இல் அரசாங்கக் கல்லூரிகளை விட்டு வெளியே வாருங்கள் என்று மாணவர்களை அழைத்த மனிதர் அவர். வந்தார்கள். கல்லூரிகள் காலியாயின, வித்யாபீடங்கள் முளைத்தன. 1942 ஆகஸ்டிலும் மாணவர்கள் வகுப்பை விட்டுத் தெருவுக்கு வந்தார்கள், அடிபட்டார்கள், சிறைக்குப் போனார்கள். அவர் பிறந்த நூறாம் ஆண்டின் நினைவாகத் தொடங்கிய அமைப்பில், மாணவர்கள் வாயை மூடிக்கொண்டு மரக்கன்று நட வேண்டும் என்று விதி செய்து வைத்திருக்கிறோம். காந்தி இன்று உயிரோடு வந்து நம் கல்லூரி வாசலில் அதே அழைப்பை விடுத்தால் அவருக்கு டி.சி. நிச்சயம். அவரைக் கேட்டுக்குள் விட்ட வாட்ச்மேனுக்கு மெமோவும் நிச்சயம்.

காந்தியே மாணவர்கள் கட்சி அரசியலில் இறங்கக்கூடாது என்று 'நிர்மாணத் திட்டம்' நூலில் எழுதியிருக்கிறாரே என்று பக்கத்தைப் பிரித்துக் காட்டும் பேராசிரியர்கள் உண்டு. எழுதியிருக்கிறார். அதை அப்படியே ஏற்றுக்கொள்வோம். கட்சி அரசியல் கூடாது என்றால் முதலில் நிறுத்த வேண்டியது அமைச்சர் விழாவுக்குப் போகும் அந்தப் பேருந்தைத்தானே? பேராசிரியர் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்.

திட்டத்தின் நோக்கங்களை அதன் கையேட்டிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். சமுதாயத்தைப் புரிந்துகொள்ளுதல், அதன் தேவைகளையும் பிரச்சினைகளையும் கண்டறிந்து தீர்வில் பங்கேற்றல், தலைமைப் பண்பையும் ஜனநாயக மனப்பான்மையையும் வளர்த்தல். ஆண்டுக்கு ஏழு நாள் கிராமத்தில் சிறப்பு முகாம் நடக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படுத்து எழுந்து ஊரைப் பெருக்குகிறார்கள். வாய்க்காலைத் தூர் வாருகிறார்கள். அந்த வாய்க்காலில் சாயத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு பெண் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினையைக் கண்டறிந்தாயிற்று, கையேட்டின்படி. தீர்வில் பங்கேற்க வேண்டும், அதுவும் கையேட்டின்படிதான். ஆனால் பி.ஓ. சாருக்கு வியர்க்கிறது. ஆலை முதலாளிதான் முகாமின் நிறைவு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர். ஏழு நாள் சாப்பாட்டில் மூன்று நாள் அவர் உபயம். அரசாங்கம் ஒரு மாணவருக்கு ஆண்டுக்குத் தரும் சில நூறு ரூபாயில் என்ன செய்ய முடியும், பி.ஓ. சாரையும் குறை சொல்லிப் பயனில்லை. "அதெல்லாம் பொல்யூஷன் போர்டு பாத்துக்கும்மா, நீ கூடையை எடு" என்கிறார். திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யல் செத்து, ஒரத்துப்பாளையம் அணை சாயக் குட்டையாகி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த வழக்கு யாரும் கூடையை எடுத்ததால் வந்தது இல்லை. விவசாயிகள் கேள்வி கேட்டதால் வந்தது.

இந்தக் கபடம் முழுவதும் வெளிச்சத்துக்கு வந்த மாதம் ஒன்று உண்டு: 2017 ஜனவரி.

17ஆம் தேதி ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து மெரினாவில் மாணவர்கள் உட்கார்ந்தார்கள். ஜல்லிக்கட்டைப் பற்றி உங்கள் கருத்து எதுவானாலும் இருக்கட்டும். அந்த ஒரு வாரம் அவர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். குப்பையைத் தாங்களே பொறுக்கினார்கள். போக்குவரத்தைத் தாங்களே ஒழுங்குபடுத்தினார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் லட்சம் பேர் பிரிந்து வழிவிட்டார்கள். நாட்டு நலப்பணித் திட்டம் ஏழு நாள் முகாம் போட்டும் கற்றுத்தர முடியாததை, சான்றிதழ் இல்லாமல், ஓ.டி. இல்லாமல், ஃபிளெக்ஸ் பேனர் இல்லாமல் செய்து காட்டினார்கள். 23ஆம் தேதி காலையில் போலீஸ் தடியோடு வந்தது. கூட்டத்தில் சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்றது. நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. காக்கிச் சட்டைகளே வண்டிகளுக்குத் தீ வைக்கும் காணொளிகள் ஊரெங்கும் ஓடின. சட்டமன்றத்தில் முதலமைச்சர் பன்னீர்செல்வம், கூட்டத்தில் பின்லேடன் படம் இருந்தது என்று புகைப்படம் காட்டினார்.

28ஆம் தேதி அதிகாலையில் எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதின. பெரிய சேதமில்லை, எண்ணெய்க் கசிவு இல்லை என்றது துறைமுகம். எண்ணெய் அந்த அறிக்கையைப் படிக்கவில்லை போலிருக்கிறது. திருவொற்றியூர் வரை கரையேறித் தாராய்க் கெட்டித்தது. ராக்கெட் விடும் நாட்டிடம் அதை அள்ள வாளிதான் இருந்தது. வாளி பிடிக்க யார் வந்தார்கள்? மீனவர்களோடு கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். முழங்கால் வரை கறுப்பு அப்பிக்கொண்டு, வரிசையில் நின்று கை மாற்றிக் கை மாற்றி அள்ளினார்கள். இப்போது அவர்கள் சமூக விரோதிகள் இல்லை, இளைய பாரதம். பத்திரிகைகள் பாராட்டின. அதிகாரிகள் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஐந்தே நாள் இடைவெளி. அதே கடற்கரை, அதே வயதுப் பிள்ளைகள். வாளியோடு வந்தால் தேசத்தின் சொத்து. வாயோடு வந்தால் தேசத்துக்கு ஆபத்து. கசிவே இல்லை என்று சொன்னவர்கள் யார், அவர்களுக்கு என்ன தண்டனை என்று அந்த மாணவர்கள் எண்ணெய்க் கையோடு துறைமுக வாசலில் போய் உட்கார்ந்திருந்தால் மறுபடியும் தடி வந்திருக்கும். மிச்சமிருந்த பின்லேடன் படமும் வந்திருக்கும்.

சரி, அப்படியானால் நாட்டு நலப்பணித் திட்டம், இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை தங்கள் பேனரோடு ஆர்ப்பாட்டத்துக்குப் போகலாமா? கூடாது. நான் ஆதரிக்கும் ஆர்ப்பாட்டமாக இருந்தாலும் கூடாது. ஓர் அணியில் 100 பேர் இருக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு 100 மனசு இருக்கிறது. வருகைப் பதிவையும் சான்றிதழையும் கையில் வைத்திருக்கும் ஒருவர் அவர்களை எந்தக் கொடிக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினாலும் அது கட்டாயம்தான். செலவு மக்கள் வரிப்பணம். "மக்கள் பிரச்சினைக்கு மாணவர்களை அனுப்ப மறுக்கிறார்களே" என்று இன்று முழங்குகிற எதிர்க்கட்சி நண்பர்களின் கண்ணீரையும் நம்ப வேண்டாம். அவர்கள் கோட்டைக்குப் போன மறுமாதமே அந்த 200 பேருக்கான வாட்ஸ்அப் அவர்கள் அலுவலகத்திலிருந்துதான் கிளம்பும். இதில் எந்தக் கட்சிக்கும் விலக்கு இல்லை, பார்த்துவிட்டோம்.

ஆனால் விதி என்றால் எல்லாப் பக்கத்துக்கும் விதியாக இருக்க வேண்டும். ஆட்சியாளரை எதிர்த்து நிற்கக் கூடாது என்றால் ஆட்சியாளருக்குக் கைதட்டவும் கூடாது. டி-ஷர்ட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு ஒரு மாணவர் தன் சொந்தச் சட்டையில், தன் சொந்த நேரத்தில், தன் மனசுக்குப் பட்ட போராட்டத்துக்குப் போனால் அது அவர் உரிமை. அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு ஓ.டி. கேட்கவில்லை. 18 வயதில் ஓட்டு என்று 1989 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் அறிவு வந்துவிட்ட ஒருவருக்கு, கேன்டீன் டீயின் விலையை எதிர்க்கும் அறிவு வரவில்லை என்று எந்த மருத்துவர் சான்றளித்தார்?

ஜனவரி 25ஆம் தேதி நம் கல்லூரிகளில் நடப்பதைப் பார்த்தால் சிரிப்பு வராது. அன்று தேசிய வாக்காளர் தினம். 2011 முதல் கொண்டாடுகிறோம். வாலண்டியர்கள் அட்டை பிடித்துப் பேரணி போகிறார்கள், வாக்களிப்போம் என்று வலது கையை நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். எடுத்து முடித்துத் திரும்புகிற கல்லூரியில் மாணவர் பேரவைக்குத் தேர்தல் கிடையாது. முறையான தேர்தல் எப்படி நடத்துவது என்று லிங்டோ குழு வழி சொல்லி, 2006இலேயே உச்ச நீதிமன்றம் அதை ஏற்று உத்தரவிட்டது. வேட்பாளரின் வயது, வருகைப் பதிவு, 5,000 ரூபாய் செலவு வரம்பு எல்லாம் அதில் இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் இன்னும் துறைத்தலைவர் விரல் நீட்டிய பிள்ளைதான் தலைவர். நாட்டுக்கு ஓட்டுப் போடக் கற்றுத்தரும் இடத்தில் ஓட்டுப்பெட்டிக்கு இடமில்லை.

அதே ஜனவரி 25தான் மொழிப்போர் தியாகிகள் நாள். 1965இல் அன்றுதான் மதுரையில் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் ஊர்வலம் போனார்கள், தமிழ்நாடே பற்றிக்கொண்டது. இரண்டு நாள் கழித்துச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். 1967இல் ஆட்சி மாறியது. விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். அந்தப் பிள்ளைகள் அரசியல் வேண்டாம் என்று வகுப்பில் உட்கார்ந்திருந்தால் இன்று மேடையில் இருப்பவர்கள் பலருக்கு மேடையே கிடையாது. இப்போது ஆண்டுதோறும் எல்லாக் கழகங்களும் மாலை போடுகின்றன, வீரவணக்கம் சொல்கின்றன. செத்துப்போன மாணவனின் அரசியலுக்குச் சிலை. உயிரோடு இருக்கும் மாணவனின் அரசியலுக்கு மன்னிப்புக் கடிதம். 2013 மார்ச்சில் ஈழப் பிரச்சினைக்காக லயோலா கல்லூரி மாணவர்கள் எட்டுப் பேர் உண்ணாவிரதம் இருக்க, மாநிலம் முழுவதும் மாணவர்கள் எழுந்தபோது, அரசு செய்தது கல்லூரிகளுக்குப் பூட்டுப் போட்டதுதான். 1965இலும் அதே பூட்டைத்தான் போட்டார்கள். சாவி மட்டும் கை மாறியிருக்கிறது.

பி.ஓ. சார்களிடம் எனக்குக் கோபம் இல்லை. பலர் நல்லவர்கள், சம்பளம் தவிர வேறொன்றும் இல்லாமல் ஓடுகிறவர்கள், 2015 வெள்ளத்திலும் கஜா புயலிலும் பிள்ளைகளோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்கள். அவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: விழாவுக்கு ஆள் கேட்டால் எழுத்துமூலம் உத்தரவு கேளுங்கள். நோக்கம், நேரம், செலவு, கையெழுத்து எல்லாம் வேண்டும் என்று சொல்லுங்கள். கையெழுத்துப் போட யாருக்கும் தைரியம் வராது, பாருங்கள்.

பெற்றோர்களுக்கு ஒன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இன்னும் உயிரோடு இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, உங்கள் பிள்ளை படிக்கும் அரசுக் கல்லூரிக்கோ பல்கலைக்கழக நாட்டு நலப்பணித் திட்டப் பிரிவுக்கோ ஒரு மனுப் போடுங்கள். கேள்வி இரண்டு போதும். கடந்த இரண்டு ஆண்டுகளில் அமைச்சர்களும் முதலமைச்சரும் பிரதமரும் ஆளுநரும் கலந்துகொண்ட எத்தனை நிகழ்ச்சிகளுக்கு மாணவர்கள் அழைத்துச் செல்லப்பட்டார்கள்? அந்த மணி நேரங்கள் 240இல் சேர்க்கப்பட்டனவா? முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.